கன்னிமார் மேட்டைச் சுற்றிய கார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ வெளிநாடு. முட்டை மாதிரி நீள்வட்டமாக ஒரு ரோடு, அதில் கலர் கலராகக் கார்கள், சுற்றிச் சுற்றி அதே ரோடு. சின்னவன் கேட்டான்: “ஏம்ப்பா, எல்லாக் காரும் இடது கைப் பக்கமே திரும்பிக்கினு இருக்குது? தலை சுத்தாதா?”

“சுத்தும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன். காலையிலிருந்து கடையில் லாரி டயர் கழற்றிவிட்டு வந்திருந்தேன். பேசத் தெம்பில்லை. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அத உங்க அப்பாவத்தான் கேக்கணும்” என்றாள். நீங்கள் மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் போய்ப் படுத்துவிட்டேன். அதற்குத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்தித் தம்பிகளுக்குப் படித்துக் காட்டட்டும்.

பெரியவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை என்று சொல்லலாம். அப்பா துபாயில் இருந்தார் என்று அவள் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். துபாய் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்திய கார் பந்தயக் கம்பெனி. அதில் எனக்கு டயர் மாற்றுகிற வேலை.

பந்தயக் கார் என்றதும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு பறக்கிற வண்டியை நினைக்காதீர்கள். பழைய அம்பாசிடர், பழைய ஃபியட், கொஞ்சம் மாருதி. ரோட்டில் ஓடித் தேய்ந்த சாதாரண வண்டிகளை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, கதவுகளை வெல்டிங் வைத்து மூடிவிடுவோம். ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள். ஊர் ஊராகப் போவோம். காலி இடம் பார்த்து நீள்வட்டமாக மண் ரோடு போடுவோம். டிக்கெட் வைத்து ரெண்டு நாளோ மூணு நாளோ பந்தயம் விடுவோம். பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். சர்க்கஸ் மாதிரிதான், யானை மட்டும் இல்லை.

எங்கள் கார்களும் எப்போதும் இடது கைப் பக்கமாகவே திரும்பும். முதலாளி வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. ஒரே பக்கம் திரும்புகிற வண்டியை அந்தப் பக்கத்துக்கென்றே தயார் செய்யலாம். வலது பக்கத்து டயர் ரெண்டும் பெரிசு, இடது பக்கத்து டயர் ரெண்டும் கொஞ்சம் சிறிசு. இடது பக்கம் மணல் மூட்டை கட்டி எடை ஏற்றுவோம். வலது பக்கத்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைப்போம். சும்மா நிற்கும்போது பார்த்தால் வண்டி கால் நொண்டின மாதிரி சாய்ந்து நிற்கும். நேர் ரோட்டில் விட்டால் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போகும். வளைவில் விட்டால்தான் அது வண்டி. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அது திரும்புகிற அழகை நான் நின்று பார்த்தது ரொம்பக் குறைவு. வண்டி திரும்பும்போதே எந்த டயர் போகப் போகிறது என்பதுதான் என் கண்ணில் படும்.

ஜாக்கி அடிப்பது, நட்டைக் கழற்றுவது, மாட்டுவது, ஜாக்கியை இறக்குவது. அடுத்த வண்டி. என் வலது தோள் இன்றைக்கும் ஒரு விரல்கடை இறங்கித்தான் இருக்கிறது, சட்டை போட்டால் தெரியும். சோற்றைப் பிசைந்தால் ரப்பர் வாசனை வரும். படுக்க இடமில்லாத ஊரில் டயர் அடுக்கின் மேலேயே படுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு வருவேன், நெருங்கின சாவுக்கு வருவேன். உங்கள் அம்மா கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போய்க் குழந்தையையும் வளர்த்தாள். ஒரு தடவை நான் ஊருக்கு வந்தபோது, “இன்னாங்க, இந்தத் தடவ எத்தினி நாளைக்கு லீவு?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவே இல்லை. பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். கேட்டாலாவது தேவலை என்று இருந்தது.

ஒரு கோடையில், போக வேண்டிய ஊரில் இடம் கிடைக்காமல் போய்விட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “எங்க ஊருப் பக்கம் ஒரு ஏரி இருக்குதுங்க. இப்போ காய்ஞ்சு கெடக்கும். களிமண்ணு. தண்ணி தெளிச்சு உருட்டினா சிமெண்ட் மாதிரி நிக்கும்.” அப்போது நம் ஊரெல்லாம் விழுப்புரம் மாவட்டம். சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலை கண்ணுக்கு எதிரே நிற்கிற இடத்தில் அந்த ஏரி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஏரிதான்.

முதலாளி ஜீப்பில் வந்து பார்த்தார். ஏரிக்குள் இறங்கி நடந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வெடித்த மண்ணைக் குதிகாலால் குத்திப் பார்த்தார். சுற்றிலும் கரை. கரைமேல் சனம் உட்கார்ந்தால் ஒருத்தர் தலை ஒருத்தருக்கு மறைக்காது. “காசு போட்டுக் கட்டுனாலும் இப்படி அமையாதப்பா” என்றார். திரும்பி வரும்போது சங்கராபுரம் ரோட்டு ஓரத்தில் வெல்லம் காய்ச்சுகிற பழைய கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்ததைக் காட்டி, அது யாருடையது என்று விசாரித்தார். ஜீப்பில் ஏறினதும் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“இங்க நல்லா நடந்துச்சுன்னா வருசா வருசம் இதே ஏரிதான். வண்டிகளை எதுக்கு அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகோணும்? அந்தக் கொட்டகையிலயே போட்டுக்கலாம். நீ இங்கயே இருந்து பாத்துக்க.”

வீட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்தால் வீட்டுக்குத் திரும்புகிற வேலை! உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்தக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“தண்ணிக் கொழா கிட்டத்துலயே இருக்குது. எறும்புதான் ஜாஸ்தி. வெல்லம் காச்சின எடம் இல்ல? சாணி தெளிச்சா போயிடும். பின்னாடி ஒரு முருங்கக் கொம்பு நட்டுட்டு வந்தேன்.”

“அதுக்குள்ளயா? இன்னும் ஒண்ணும் முடிவாவல.”

“கொம்பு நட்டா இன்னா கேடு? வந்தா வருது.”

ரோடு போடும் வேலை நடந்தது. ஏரி நடுவில் ஒரு மேடு இருக்கிறது அல்லவா, வேப்பமரமும் ஏழு கல்லும்? அதுதான் கன்னிமார் மேடு. அதைத் தொடாமல் சுற்றி ரோடு போடுவது என்று ஊரில் பேசி முடிவானது. ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார்கள். பந்தயத்தில் வருகிறதில் ஒரு பங்கு வைத்து மேட்டுக்குப் படிக்கட்டு கட்டித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தோம், ரோலர் விட்டோம், மறுபடி தண்ணீர், மறுபடி ரோலர். ரோலர் முன்னாலும் போகும், பின்னாலும் வரும். அதனால் அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நம் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. கார் இடது பக்கம் சுற்றுவது எனக்குச் சூரியன் கிழக்கில் உதிக்கிற மாதிரி ஆகிப்போயிருந்தது.

பந்தயத்தன்று காலையிலேயே கரை நிறைந்துவிட்டது. ரிஷிவந்தியம் வரைக்கும் நோட்டீஸ் போயிருந்தது. டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கினார்கள். மலையிலிருந்தும் சனம் இறங்கி வந்து, பலாப்பழத்தை அறுத்து வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. உங்கள் அம்மா குழந்தையோடு, புளியமரத்து நிழலில், கூழ்த் தூக்கோடு இருந்தாள். கன்னிமாருக்குப் பூசை போட்டு, நானே தேங்காய் உடைத்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

ரோடு எப்படி இருக்கிறதென்று பார்க்க முதல் வண்டி இறங்கியது. அதை ஓட்டினவர் எங்கள் கம்பெனியிலேயே மூத்த டிரைவர். வாய் ஓயாத மனிதர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சுற்று வந்தார். கரை மேல் விசில் பறந்தது. ரெண்டாவது சுற்றில் விசில் குறைந்தது. மூன்றாவது சுற்றில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அப்படியே கரை நெடுகப் போனது.

“அடியே, இன்னாடி இது, எடஞ்சுத்தா சுத்துது?”

“அதான நானும் பாக்கறேன். சுடுகாட்டுல கொடம் தூக்கிக்கினு சுத்துவாங்களே, அந்த மாதிரி.”

“நம்ம கன்னிமாருக்கே கொள்ளி வெக்கிறானுங்களா?”

உங்களுக்கும் தெரியும். கோயிலை வலமாகத்தான் சுற்றுவோம், சாமி நம் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். இடமாகச் சுற்றுவது பிணத்தை மட்டும்தான். கன்னிமாரை நடுவில் வைத்து நாங்கள் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம், அதுவும் டிக்கெட் போட்டு.

அதற்குள் பூசாரி துண்டை வீசிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார். கூலி வேலைக்குப் போகிற மனிதர்தான், ஆடி மாதத்தில் மட்டும் பூசாரி. வண்டி சறுக்கி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“யோவ், சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?”

“நான் ஏன் சாவறேன்? நீதான் உசுரோட இருக்கற சாமிக்குச் சாவு சுத்து சுத்திக்கினு கீற. எறங்கு கீழ!”

“எறங்க முடியாதுய்யா. கதவு கெடையாது.”

கரையில் சிரித்தார்கள். ஆனால் யாரும் விசில் அடிக்கவில்லை. ஆட்கள் இறங்கி வந்து ரோட்டில் நின்றுகொண்டார்கள். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஏப்பா, உங்கூரு சனம் என்னங்குது? காலைல பூசை போட்டாச்சு, தேங்கா ஒடைச்சாச்சு. இப்ப என்ன?”

நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்த மேட்டையே பார்த்தார். அந்த வேப்பமரம் அப்போதுதான் அவர் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது.

“அப்ப அந்தப் பக்கமா சுத்தோணுமா? வண்டி பூராத்தையும் எடதுக்கு செட் பண்ணி வச்சிருக்குதே! நீதானப்பா டயர் போட்ட?”

“ஆமாங்க.”

“சொல்லு அவங்ககிட்ட.”

நான் ஊராரிடம் திரும்பினேன். என்ன சொல்வது? என் பங்காளி முறை ஒருவர் முன்னால் வந்தார். “இன்னாடா, ஊர விட்டுப் போயி உனக்குக் கை மாறிப் போச்சா? சோறு எந்தக் கைல துன்ற?” என்றார். எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் ஊர். நடுவில் நான்.

வழி சொன்னதும் பூசாரிதான். “கோயில் வேல நடக்கறப்ப சாமிய செம்புத் தண்ணில எறக்கி வேற எடத்துல வெக்கறது இல்லியா? அந்த மாதிரி கன்னிமார கரகத்துல எறக்கிக் கரை மேல கொண்டுபோயி வச்சுடலாம். மேடு காலி. வெறும் கல்ல நீ எப்புடி வேணா சுத்திக்க. நெழல்ல ஒக்காந்து அவங்களும் பாத்துக்கட்டும்.”

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. “செய்யிங்க, செய்யிங்க. ஆகற செலவெல்லாம் என்னோடது.”

“செலவு கெடக்கட்டுங்க. அவங்க வரேன்னு சொல்லணும். பூ கேக்கணும்.”

நடுக்கல்லின் தலையில் மஞ்சள் பூசி, அதன் மேல் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. விழுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். கற்பூரம் ஏற்றினார், கேட்டார், கும்பிட்டபடி நின்றார். நாங்களும் நின்றோம்.

பூ விழவில்லை.

மஞ்சள் ஈரமாக இருந்தது, பூ நன்றாக ஒட்டிக்கொண்டது. காற்று என்பது பேருக்கும் இல்லை. வெயில் ஏறியது. நாங்கள் தெளித்த தண்ணீர் காய்ந்து ரோட்டில் வெடிப்பு ஓட ஆரம்பித்தது. டேங்கர்க்காரர் மறுபடி தெளிக்கட்டுமா என்று கேட்டார், கேட்டு அலுத்துப் போய் டேங்கர் அடியிலேயே படுத்துவிட்டார். டிரைவர்கள் லாரி நிழலில் துண்டை விரித்தார்கள். ஐஸ் விற்கிறவன் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். கரையில் குழந்தைகள் அழுதன. யாரோ ஒருத்தர், “காரு ஓட்டம்னு கூப்ட்டு பூவ ஒக்கார வச்சுக் காட்றானுங்கடா” என்றார்.

நான் மேட்டின் ஓரத்தில் நின்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம், வலது பக்கம் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒன்றை வேண்டிக்கொண்டது கிடையாது. அந்தப் பூ வலது பக்கம் விழுந்தால் எனக்குச் சங்கராபுரம் ரோட்டில் வேலை. குழந்தை நடக்கப் பழகுவதை நான் பார்க்கலாம். இடது பக்கம் விழுந்தால் லாரி. தூரத்தில் புளியமரத்தடியில் உங்கள் அம்மாவும் எழுந்து நின்று கை கூப்பியிருந்தது தெரிந்தது. அவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூத்த டிரைவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து காதில் சொன்னார். “டேய், வண்டிய மேட்டோரமா கொண்டாந்து நிறுத்தி ஒரே ஒரு அமுக்கு அமுக்கறேன். இந்த அம்பாசிடர் ஆடற ஆட்டத்துல பல்லே வுழுந்துடும், பூ வுழாதா?”

“வேணாம்ணா. சாமி விசயம்.”

“நான் எங்கடா சாமிய அமுக்கறேன்? ஆக்சிலேட்டரத்தான அமுக்கறேன்.”

என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்கிற தெம்பும் இல்லை. அவர் ஜன்னல் வழியாக நுழைந்து, என்ஜின் சூடு ஆறிவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து மேட்டுக்குக் கீழே கொண்டுவந்து ஒரே மிதி மிதித்தார். வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் பறந்தது. பூ விழுந்தது.

“வலது!” முதலாளி குதித்தார். “வலது பக்கம் உழுந்துருச்சு! பாத்தீங்களா, எல்லாரும் பாத்தீங்களா?”

பூ கிடந்தது எங்களுக்கு வலப்பக்கம். நாங்கள் கன்னிமாருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பூசாரி குனிந்து பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அது உங்களுக்கு வலதுங்க. அவங்க நம்மளப் பாத்துக்கினு இல்ல ஒக்காந்துக்கினு கீறாங்க? அவங்களுக்கு அது எடது.”

“அதெப்படி? பாக்கறவன் நானு!”

“கேட்டது உங்களையா, அவங்களையா?”

வண்டிச் சத்தத்தில் விழுந்தது கணக்கில் சேராது, திரும்ப வைத்துக் கேளு என்று ஒன்றிரண்டு பேர் கத்தினார்கள். பூசாரி, “எப்புடி வுழுந்தா இன்னா, வுழ வச்சது யாரு?” என்று சொல்லிவிட்டுக் கற்பூரத் தட்டைக் கழுவப் போய்விட்டார். ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த மூத்த டிரைவர் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கன்னிமார் வரவில்லை. டிக்கெட் வாங்கின சனம் கரையில் உட்கார்ந்திருந்தது. பந்தயத்தை வலமாக விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

“மாத்துப்பா” என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாற்றினோம். ஒவ்வொரு வண்டியிலும் வலது டயர் இடதுக்கு, இடது டயர் வலதுக்கு. வெயிலில் கிடந்த ஜாக்கிக் கம்பி உள்ளங்கையைச் சுட்டது, ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். மணல் மூட்டைகளை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினோம். ஸ்பிரிங் பட்டையை மாற்ற நேரமில்லை. அதை அப்படியே விட்டோம். அதனால் டயர் ஒரு பக்கம் சொல்ல, ஸ்பிரிங் இன்னொரு பக்கம் சொல்ல, வண்டிகள் ரெண்டும் கெட்டானாக நின்றன. கடைசி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிவிட்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஊர்க்காரர் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கை மாறிப் போச்சா என்று கேட்டாரே, அதே பங்காளிதான். “மொத்தத்தையும் நீயேவாடா கழட்டி மாட்டுவ?” என்றார். அதற்கு அப்புறம் கேலி பேசவில்லை.

பந்தயம் ஆரம்பித்தது. டிரைவர்கள் இடது பக்கம் திரும்பியே கை பழகினவர்கள். முதல் வளைவிலேயே ஒரு ஃபியட் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பி, மண் அணைப்பின் மேல் ஏறி, ஆடு மாதிரி நின்றுகொண்டது. கரை அதிர்ந்தது. மற்ற வண்டிகள் வளைவு வந்தால் வெளிப்பக்கம் சாயும். அழுத்தி விட்டால் கவிழும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் யாரையும் முந்தவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, திருவிழாவில் சாமி புறப்பாடு மாதிரி, கார்கள் கன்னிமாரை வலம் வந்தன. அப்படி ஒரு பந்தயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆனால் சனத்துக்கு அது பிடித்துவிட்டது! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி தாண்டும்போதெல்லாம் ஒரு பாட்டி, “நல்லா சுத்துப்பா, என் பேத்திக்கும் சேத்து ஒரு சுத்து சுத்து” என்று கத்திக்கொண்டிருந்தது. மூத்த டிரைவர்தான் முதலில் வந்தார். இறங்கினதும் அவருக்கு ஊரில் மாலை போட்டார்கள். “நாப்பது காரு கவுத்திருக்கேன், ஒருத்தன் மால போட்டதில்ல. பத்து மைல்ல ஓட்டினதுக்குப் போடறானுங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருசமும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். அவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். படிக்கட்டுக்கு உண்டானதைச் சொன்னபடி கொடுத்தார். நீங்கள் ஏறி இறங்குகிற படி அதுதான்.

கூட்டம் கலைந்ததும் நான் அவரிடம் போனேன். போவதற்கு முன்னால் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை.

“சனம் நல்ல சனம்ப்பா” என்றார். “எடந்தான் நமக்கு ஒத்து வராது.”

“அடுத்த வருசம் வலதுக்குனே செட் பண்ணிக்கலாங்க. நான் பண்ணிடறேன். ஸ்பிரிங் கூட மாத்திடலாங்க.”

“ஒரு ஊருக்காகவா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். “நாளைக்கு எடுத்துருவோம். லோடு ஏத்தச் சொல்லிரு.”

கொட்டகைப் பேச்சும் அதோடு முடிந்தது.

லாரியில் டயர் ஏற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா தூக்கோடு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கூழைக் குடித்தேன். அவளாகவே கேட்டாள்.

“கொட்டாய்?”

“இல்லேன்ட்டாரு.”

“ம்.”

பிறகு நான் சொன்னேன். “நீ கூட அவ்ளோ நேரம் வேண்டிக்கினு இருந்தியே. சாமி கேக்கலியே.”

“நான் இன்னா வலப்பக்கம் வுழணும்னா வேண்டிக்கினேன்?”

“அப்புறம்?”

“எந்தப் பக்கமாவது சீக்கிரம் வுழட்டும்னு வேண்டிக்கினேன். நீங்க தலையில துண்டு கூடப் போடாம அந்த வெயில்ல நின்னுக்கினு கீறீங்க.”

தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, “முருங்கக் கொம்பு துளுத்துடுச்சு, நேத்து பஸ்ல போறப்ப பாத்தேன்” என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனாள். விடிந்ததும் லாரி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகும் சில வருசம் அந்த வேலையில்தான் இருந்தேன். பெரியவள் நடக்கப் பழகினது, பேசப் பழகினது எல்லாம் உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோள் முழுக்கவும் தூக்க முடியாமல் போன பிறகுதான் வந்து கள்ளக்குறிச்சியில் இந்தப் பஞ்சர் கடையைப் போட்டேன். இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறேன். வந்ததும் படுத்துவிடுகிறேன் என்று நீங்கள் சொல்வது காதில் விழாமல் இல்லை.

சின்னவன் கேட்டதற்குப் பதில் இதுதானப்பா. ஒரு பக்கம் திரும்புவதற்கென்றே அந்த வண்டிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கம் திரும்புகின்றன. நடுவில் சாமி இல்லாத மைதானம், கேட்பாரில்லை. தலை சுற்றும். பழகிவிட்டால் சுற்றுவது தெரியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாம் சங்கராபுரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் சீட்டுக்கு நீங்கள் மூன்று பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். ரோட்டோரம் ஒரு சிமெண்ட் கடை வரும், பழைய கொட்டகை, பின்னால் ஒரு முருங்கை மரம் ஓட்டுக்கு மேல் போய் நிற்கும். அந்த இடம் வந்தால் உங்கள் அம்மா நின்றுகொண்டிருந்தாலும் குனிந்து, உங்கள் தலைகளுக்கு மேலாக, காய் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். இனிமேல் போகும்போது எந்தப் பக்கம் அது வருகிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலை அவளுக்கு விட்டுவிடுங்கள். வரும்போது அடுத்த பக்கத்து ஜன்னலை.